அம்மா சொன்ன முடிவு

மேட்னி ஷோ முடிந்து வெளியே வரும்போது வெயில் கண்ணில் அறையுமே, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? உள்ளே ராத்திரியாக இருந்திருக்கும், மழை கொட்டிக்கொண்டிருந்திருக்கும், யாரோ யாரையோ பிரிந்து அழுதுகொண்டிருந்திருப்பார்கள். வெளியே வந்தால் சாயங்கால வெயிலில் மாட்டு வண்டியும் டவுன் பஸ்ஸும் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்க்கொண்டிருக்கும். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவர்கள்தான். இப்போது ஆளாளுக்குக் கையில் ஒரு கொட்டகை இருக்கிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை, நானும்தான் பார்க்கிறேன். நான் சொல்ல வந்தது என் அம்மாவைப் பற்றி. அந்த வெயிலில் கண் கூசாத ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவள்தான். வெளியே வந்த பிறகும் அவள் உள்ளேயேதான் இருப்பாள்.

அப்போது நாங்கள் மேல்விஷாரத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் தோல்ஷாப்பில் வேலை. பச்சைத் தோலைப் பதம் செய்கிற இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆளை விட உயரமான மர டிரம்கள் நாளெல்லாம் சுற்றும். அவை நின்றதும் ஈரத்தோலை வாரி வெளியே இழுத்துப் போடுவது அப்பாவின் வேலை. அவர் நகக்கண்ணில் ஏறிய மருந்து நீலம் சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது. வாடையும் அப்படித்தான். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. திமிரியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து முந்தானையால் மூக்கைப் பொத்தும்போதுதான், ஓ, நம் ஊர் நாறுகிறது போல என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா வீட்டிலிருந்தே ஷூ தைத்தாள். மேஸ்திரி ஒருவர் வெட்டிய தோலைக் கோணிப்பையில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்து போடுவார். ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்பார்கள், மெழுகு நூலால் கையில் தைத்து, மூட்டை கட்டி, ஆற்காட்டில் இருந்த அவருடைய குடோனில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நூல் விரலை அறுக்காமல் இருக்கக் கிழிசல் துணியைச் சுற்றிக்கொள்வாள். சாப்பிடும்போது அவிழ்த்தால் விரல்கள் வெளுத்துச் சுருங்கி, குளித்து எழுந்தவளுடைய விரல்கள் மாதிரி இருக்கும்.

தெருவில் பாதிப் பெண்களுக்கு அதே வேலைதான். எல்லோரும் அவரவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். எங்கள் கூடத்தில் வெளிச்சம் ஜாஸ்தி என்று காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் அது இல்லை. அம்மா படம் சொல்வாள்.

ஆற்காட்டில் குடோனுக்குப் போகிற வழியிலேயே ஒரு கொட்டகை இருந்தது. மூட்டையைக் கொடுத்துவிட்டு, அம்மா மேட்னிக்கு உள்ளே போய்விடுவாள். அப்பாவுக்கு அவள் எப்போதாவது போவது தெரியும். எத்தனை தடவை போகிறாள் என்பது தெரியாது. அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு முடிந்திருந்தது.

பெண்கள் பக்கத்தைப் பிரிக்க இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். சிமெண்டுத் தரையில் போன காட்சியில் துப்பிய வேர்க்கடலைத் தோல். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆண்கள் பக்கத்து பீடிப் புகை, ஒளிக்கற்றையில் நீலமாகச் சுருண்டு போகும். விளக்கு அணைந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அதன் பிறகு நான் அங்கே இருப்பது அவளுக்கு மறந்துவிடும். திரையில் ஒருத்தி சோறு பிசைந்து வாயில் வைத்தால் அம்மாவின் தொண்டை ஏறி இறங்கும். யாராவது பொய் சொன்னால், "அவன் சொல்றத நம்பாதடீ" என்பாள், சத்தமாகவே. ஒரு தடவை எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. "அம்மா, அம்மா" என்று அவள் புடவையை இழுத்தேன், தோளைத் தட்டினேன், கடைசியில் அழுதேன். அவள் திரும்பவே இல்லை. பாவாடையிலேயே போய்விட்டேன். விளக்கு போட்டதும் பார்த்து, "சொல்லக்கூடாதா பாப்பா?" என்று கேட்டாள். நிஜமாகவே அவளுக்குக் கேட்கவில்லை.

இடைவேளையில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சாணித்தாளில் நாலைந்து பக்கம். பாட்டுக்கு முன்னால் கதைச் சுருக்கம் போட்டிருக்கும். அது எப்போதும் முக்கியமான இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிந்துவிடும். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வீட்டுக்கு வந்து என்னைப் படிக்கச் சொல்வாள். அந்தக் கடைசி வரி வந்ததும், "மீதியெ நான் சொல்றேன், கேளு" என்பாள்.

கூடத்தில் அவள் சொல்வதைக் கேட்டவர்களுக்குப் படத்துக்குப் போகிற அவசியமே இருக்காது. எதிர்வீட்டு காலா அப்படித்தான். காலா என்றால் அவர்கள் பேசுகிற உருதுவில் சித்தி. தெருவுக்கே அவர் காலா. கொட்டகை வாசலை அவர் ஆயுசில் மிதித்ததில்லை, அவர்கள் வீட்டில் அனுப்பவும் மாட்டார்கள். ஆனால் எந்தப் படத்தில் யார் யாரைக் கட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊசியைக் கையில் பிடித்தபடியே, "அய்யோ அல்லா, அப்புறம் இன்னா ஆச்சி?" என்பார். அம்மா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே ஒரு நிமிஷம் சும்மா இருப்பாள். அந்த ஒரு நிமிஷத்தில் கூடத்தில் ஒரு ஊசிகூட நகராது.

லீவு முழுக்கக் கூடப் போன பிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அம்மா சொல்வதும் நாங்கள் பார்த்ததும் ஒன்றில்லை. முதலில் சின்னச் சின்ன மாற்றங்கள். படத்தில் அறை வாங்கிய பெண் அம்மா வாயில் திருப்பி அறைந்தாள். படத்தில் ஒரு காட்சியில் மட்டும் வந்துபோன வேலைக்காரிக்கு அம்மா ஒரு ஊரும் ஒரு தம்பியும் கொடுத்திருந்தாள். லீவின் கடைசிப் படம் வந்தபோது முடிவையே மாற்றிவிட்டாள்.

அந்தப் படத்தில் எஸ்டேட் முதலாளியின் மகனை ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண் விரும்புவாள். முடிவில் அவனைக் குறிவைத்துச் சுட்ட குண்டைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டு அவன் மடியில் சாவாள். சாகிறதற்கு முன்னால் அவன் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்பாள். எதற்கு மன்னிப்பு என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. அம்மா சொன்ன படத்தில் குண்டு அவள் தோளை உரசிக்கொண்டு போனது. அவள் எழுந்து உட்கார்ந்து அந்தப் பையனைப் பார்த்தாள். "போதும்பா சாமி, உங்க சங்காத்தமே வேணாம்" என்றாள். கட்டுப்போட்ட தோளோடு முதல் பஸ்ஸில் ஏறி, மலை இறங்கி, பேர் தெரியாத ஒரு டவுனில் இறங்கி, ஒரு டெய்லர் கடை வைத்தாள். கடைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தாள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கிழவி இலந்தப்பழம் கொடுத்ததுகூட அம்மா கதையில் உண்டு.

"அம்மா, அவ செத்துட்டால்ல?" என்று அன்றைக்குப் படுக்கும்போது கேட்டேன்.

"கொட்டாயில செத்தா. இங்க எதுக்கு சாவணும்?" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்ன விளக்கம். எனக்கும் அது போதுமானதாக இருந்தது. கூடத்துப் பெண்கள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சொல்லும்போதெல்லாம் டெய்லர் கடைக்குப் புதிதாக ஏதாவது வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் ஒரு ரேடியோ. ஒரு நாள் வேலைக்கு ஒரு சின்னப் பெண். அம்மாவும் அதே படத்துக்குத் திரும்பத் திரும்பப் போனாள். திரையில் அவள் சாவதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் அவளைப் பிழைக்க வைப்பாள்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அம்மாவோடு படத்துக்கு நான் போக முடியவில்லை. அப்படி நான் போகாத ஒரு நாளில்தான் பெரியப்பா ஆற்காட்டுக் கடைத்தெருவில் அம்மாவைப் பார்த்தார்.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன், அதே தோல்ஷாப்பில் சூப்பர்வைசர். அப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். நாங்கள் இருந்த வீடும் அவருடைய வீட்டின் பின்பாதி. அப்பா அவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அம்மை போட்டபோது தினமும் இளநீர் கொண்டுவந்தவர். ஆனால் தம்பி குடும்பத்தின் மானம் தன் பொறுப்பு என்று நினைத்தவர்.

அன்று அம்மா அவருக்குக் கை எட்டுகிற தூரத்தில் எதிரே வந்திருக்கிறாள். அவர் கூப்பிட்டிருக்கிறார். அவளுக்குக் கேட்கவில்லை. தனக்குத் தானே சிரித்துக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டு, அவரைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

அவள் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த டவுனில், பச்சைக் கடையில் இருந்திருப்பாள். பெரியப்பாவுக்கு அது எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா சுவரோரமாக நின்றார். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். நான் அவள் பின்னால்.

"புதன்கெழம மத்தியானம் ஆற்காட்டுல இன்னா வேல?" என்று கேட்டார்.

"சரக்கு குடுக்கப் போனேன் மாமா. அப்பிடியே படம் பாத்துட்டு வந்தேன்."

"இன்னா படம்?"

அம்மா பேரைச் சொன்னாள்.

"அந்தப் படம் வந்து எத்தினி நாளாவுது. நீ மொதல்லயே பாத்துட்டல்ல?"

"பாத்தேன். மறுக்கா பாத்தேன்."

"எத்தினி வாட்டி?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "ஒரே படத்த இத்தினி வாட்டி எவ பாப்பா? உனக்குப் புரியுதாடா? குடோன்ல அந்த மேஸ்திரி இருக்கான். இவ ரோட்டுல தானா சிரிச்சிக்கினு வரா. நான் பேரச் சொல்லிக் கூப்புடறேன், காது கேக்கல. எவன நெனச்சிக்கினு வந்தா?"

அம்மாவின் முகம் எப்படிப் போயிற்று என்பதை எழுத எனக்கு வராது. "படம் பாக்கத்தான் போனேன் மாமா. வேற எங்கியும் போவல" என்றாள். சொன்ன மாத்திரத்திலேயே அது எவ்வளவு நோஞ்சானாக விழுந்தது என்பது எனக்கே தெரிந்தது. உண்மைதான் அது. ஆனால் உண்மை மாதிரி இல்லை.

"அம்மா நெஜமாவே படத்துக்குத்தான் போவும் பெரியப்பா. நானும் போயிருக்கேன்" என்றேன்.

"புதன்கெழம நீ போனியா?"

"இல்ல. ஸ்கூலு."

"அப்ப நீ சும்மா இரு."

அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "படத்தோட கதைய சொல்லச் சொல்லுண்ணே. பாத்திருந்தா சொல்லுவால்ல?" அம்மாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். இப்போது யோசித்தால் அவருக்கு அதற்கு மேல் வேறு வழி தெரிந்திருக்காது.

"சொல்லட்டும். நானும் பாத்த படம்தான்" என்றார் பெரியப்பா.

அம்மா ஆரம்பித்தாள். முதலில் பரீட்சையில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சியாகச் சரியாகச் சொன்னாள். தேயிலைத் தோட்டம், மழையில் கார் நின்றது, முதலாளி மாடியிலிருந்து கத்தியது. பெரியப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அப்பாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. அதற்குள் எதிர்வீட்டு காலா வாசலில் வந்து நின்றுவிட்டார், பின்னால் இன்னும் இரண்டு பேர். அவர்களைப் பார்த்ததாலோ என்னவோ, அம்மாவின் குரல் மாறியது. தலை நிமிர்ந்தது. கைகள் பேச ஆரம்பித்தன. இடைவேளை தாண்டியபோது அவள் கண் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் அவள் முந்தானையை இழுத்தேன். "அம்மா" என்றேன். கொட்டகையில் இழுத்த மாதிரியேதான். அவளுக்குக் கேட்கவில்லை.

குண்டு வந்தது. தோளை உரசிக்கொண்டு போனது.

பெரியப்பாவின் தலையாட்டல் நின்றது. அம்மா சொல்லிக்கொண்டே போனாள். முதல் பஸ்ஸும் இலந்தப்பழமும் பச்சைப் பெயிண்ட்டும் எல்லாம் வந்தன. அவ்வளவு அழகாக அவள் அதற்கு முன் சொன்னதில்லை. வாசலில் காலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முடித்துவிட்டு ஒரு மூச்சு விட்டாள். பிறகுதான் கூடத்தைப் பார்த்தாள்.

"அவ செத்துட்டா" என்றார் பெரியப்பா. மெதுவாகத்தான் சொன்னார். "என் கண்ணு முன்னால செத்தா. பஸ்ஸும் இல்ல, கடையும் இல்ல. நீ படமே பாக்கல."

"இல்ல மாமா, செத்துட்டாதான். அது நானா…"

"மொதல்ல சாவலன்ன. இப்ப செத்துட்டாங்கற."

"அவ எப்பவும் இப்பிடித்தாங்க சொல்லுவா" என்றார் காலா வாசலிலிருந்து. "இந்த முடிவத்தான் நாங்க எல்லாம் கேட்டோம்."

"நீங்க கொட்டாயிக்குப் போயி அந்தப் படத்தப் பாத்தீங்களாம்மா?"

"நான் எங்கங்க போறது?"

"அப்ப உங்களுக்கு இன்னா தெரியும்?"

காலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். நானும் சொன்னேன், அம்மா எல்லாப் படத்தையும் இப்படித்தான் மாற்றிச் சொல்வாள் என்று. எனக்கு யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி அது இருந்திருக்க வேண்டும். பெரியப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அடித்திருந்தாலும் தேவலை.

யாரும் கத்தவில்லை. கை நீட்டவில்லை. இனிமேல் தோல் கொண்டுவந்து போடவும் சரக்கை வாங்கிப் போகவும் தானே வேறு ஆள் வைப்பதாகவும், அம்மா ஆற்காட்டுப் பக்கம் போக வேண்டாம் என்றும், தெருவில் கூட்டம் சேர்க்க வேண்டாம் என்றும் பெரியப்பா சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. பாவம், அந்த மனுஷனுக்கு எங்கள் தெரு வேலை எதற்குப் போயிற்று என்றுகூடத் தெரிந்திருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்காட்டுக்குப் போனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் போனார். கொட்டகையில் அந்தப் படத்தை இன்னும் எடுக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா படம் முழுக்க முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு காட்சி வரும்போதும் அவர் உதடு அசைந்தது. அம்மா சொன்னதோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் போல. எல்லாம் ஒத்து வந்தது. கடைசியில் அந்தப் பெண் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுச் செத்தபோது அவர் "ச்சே" என்றார்.

எல்லோரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருந்தார். பெருக்குகிறவர் வந்து சொன்ன பிறகுதான் எழுந்தார். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, "உங்கம்மா சொன்ன மாதிரி எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

"அப்ப பெரியப்பாகிட்ட சொல்லுப்பா" என்றேன்.

அவர் தன் நீல நகங்களைப் பார்த்தார். "இன்னான்னு போய் சொல்றது பாப்பா?" என்றார். "அவளே கட்டுன கதைன்னா, இன்னும் மோசமா இல்ல நெனப்பாரு?"

அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. இப்போது அவருடைய அந்த வயதைத் தாண்டி நானும் வந்துவிட்டேன். வேலையும் வீடும் ஒருவர் கொடுத்ததாக இருக்கும்போது அவர் முன்னால் ஒரு கதைக்காக எப்படி நிற்பது? அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் இன்னொருவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

வரும்போது அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்கிக்கொண்டார். வீட்டில் அம்மா தனியாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, நின்றபடியே, "படம் பாத்தேன்" என்றார். அம்மா நிமிரவில்லை. "எல்லாம் நீ சொன்னதுதான். கடைசி மட்டும்தான்… உன்னுதுதான் நல்லா இருக்குது."

"நான் இன்னா சொன்னேன்?" என்றாள் அம்மா. நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள். "நான்தான் அந்தப் படமே பாக்கலியே. முடிவாயிடுச்சில்ல."

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டப் போனார். பேடா பொட்டலத்தை நான்தான் பிரித்தேன். பாகு தாளில் ஊறிப் போயிருந்தது.

அதற்கப்புறமும் பெண்கள் கொஞ்ச நாள் வந்தார்கள். "அந்தக் கடைக்கார பொண்ணு எப்பிடி இருக்கா?" என்று காலா ஒரு நாள் மெதுவாகக் கேட்டார். நூல் மட்டும் சர்ர் சர்ர் என்று தோலில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்த ரஸ்க் டின்னில் ஒரு நாள் பார்த்தால் உப்பு இருந்தது. அவற்றை எரித்தாளா, எடைக்குப் போட்டாளா, நான் கேட்கவில்லை. மறு வருஷம் அம்மா ஷூ கம்பெனியில், தோலை ஒட்டுகிற பேஸ்டிங் செக்‌ஷனில் சேர்ந்தாள். காலையில் வேன் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். புடவையெல்லாம் சொல்யூஷன் என்கிற பசையின் வாடை. ஒரு நாள்கூட லேட்டாக வந்ததில்லை. பெரியப்பாவே நாலு பேரிடம் அவளை மெச்சிப் பேசினார்.

எனக்குக் கல்யாணமாகி வேலூருக்கு வந்து, அப்பாவும் போன பிறகு, அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். ஒரு நாள் பிடிவாதமாக அவளைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாய்ந்துகொள்கிற சீட்டு, நாலு பக்கமும் சத்தம். நான் திரையைப் பார்க்கவே இல்லை. இருட்டில் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் யாரோ சாப்பிட்டார்கள், யாரோ அழுதார்கள், யாரோ பொய் சொன்னார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி பார்த்தாள். "அம்மா" என்று காற்று மாதிரிதான் கூப்பிட்டேன். உடனே திரும்பி, "இன்னா பாப்பா?" என்றாள்.

"எப்பிடிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குது. ஏசிதான் ஜாஸ்தி."

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "நான் நடுவுல தூங்கிட்டேன்மா. கதையெ சொல்லேன்."

சொன்னாள். தடங்கல் இல்லாமல், முதல் காட்சியிலிருந்து வரிசையாகச் சொன்னாள். யார் யாரிடம் எதைச் சொன்னார்கள், எந்தப் பாட்டு எங்கே வந்தது, எல்லாம் சொன்னாள். வீட்டுக்கு வந்து என் பையனுடைய போனில் அந்தப் படத்தைப் பற்றிப் படித்தபோது ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஒரு சீனைக்கூட அவள் மாற்றவில்லை. செத்தவர்கள் யாரையும் எழுப்பவில்லை.